கல்விக்கடனோடு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

பட்டம் வாங்கிய கையோடு கல்விக்கடன் கணக்கு ஒன்றையும் சுமந்துகொண்டு சென்னைக்கும் கோவைக்கும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குக் கிளம்பியிருக்கிறீர்கள். உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில், பொதுத்துறை வங்கிக் கிளையில், கல்விக்கடன் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள் நான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து உங்கள் அப்பா கையெழுத்துப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். ரேஷன் அட்டை, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றின் நகலையும் துணிக்கடைக் கவரில் மடித்து வைத்துக்கொண்டு உங்கள் அம்மா வரிசையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்த மேசையில் இருந்தபடி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை, ஓய்வுபெற்ற பிறகு எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். இந்தக் கடனை எவ்வளவு சீக்கிரம் கட்டி முடிக்கிறீர்களோ, அவ்வளவு சீக்கிரம் உங்கள் வாழ்க்கையைப் பற்றிய முடிவுகள் உங்கள் கைக்கு வரும். பெரிய சம்பளம் வரட்டும் என்று அதற்காகக் காத்திருக்க வேண்டாம். எதையும் வீணாக்காமல், இருப்பதைப் பழுதுபார்த்து, பொதுவில் கிடைப்பதை நன்றாகப் பயன்படுத்தி வாழப் பழகினால் இன்றைய சம்பளத்திலேயே தொடங்கிவிடலாம். கடனை அடைப்பதும் பூமிக்குப் பாரமில்லாமல் வாழ்வதும் கிட்டத்தட்ட ஒரே பழக்கம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் ஒன்று. கல்விக்கடன் வாங்கியதற்காக யாரும் தலைகுனிய வேண்டாம். 2001இல் இந்திய வங்கிகள் சங்கம் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தை வகுத்தது. அதன்பிறகுதான், 4 லட்சம் ரூபாய் வரை நிலப்பத்திரமோ நகையோ ஈடு கேட்காமல், பெற்றோரையும் கூட்டுக் கடனாளியாகச் சேர்த்துக்கொண்டு வங்கிகள் பரவலாகக் கடன் கொடுக்கத் தொடங்கின. சொத்தில்லாத வீட்டுப் பிள்ளைகள் பொறியியலும் நர்சிங்கும் படிக்க இது வழிவிட்டது. 2010இல் தமிழக அரசு முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை கொடுத்தது. ஒரு கட்டத்தில் இங்கே பொறியியல் கல்லூரிகள் 500ஐத் தாண்டின. தெருவிலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் உருவானார்கள். நீங்கள் அந்த வரிசையில் வந்தவர்கள்.

ஆனால் அந்தக் கல்லூரிகள் எல்லாமே நல்ல படிப்பைக் கொடுத்துவிடவில்லை. நல்ல ஆய்வகமும் நல்ல ஆசிரியர்களும் இருந்த கல்லூரிக்கும், பேருந்து நிலைய விளம்பரப் பலகையில் மட்டும் வேலைவாய்ப்பு இருந்த கல்லூரிக்கும் கடன் பெரும்பாலும் ஒரே வட்டியில்தான் போனது. படிப்பு பலன் தராமல் போனாலும் தவணை தொடங்கிவிட்டது. இந்த அநியாயம் எனக்குத் தெரியும். அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. கணக்கு மட்டும் உங்கள் பெயரில் இருக்கிறது. அதனால் அந்தக் கணக்கை முதலில் படித்துப் பாருங்கள்.

கிளைக்குப் போயோ செயலியிலோ கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டை முதல் நாளிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ கல்லூரியின் பெயருக்குப் போன தொகை பற்றாக இருக்கும். நடுவே மாதக் கடைசியில் வட்டி என்று சின்னச் சின்னப் பற்றுகள் இருக்கும். காப்பீட்டுப் பிரீமியம் என்று ஒரு வரி இருக்கலாம். படிக்கும் காலத்திலும் அதற்குப் பிந்தைய ஓராண்டுச் சலுகைக் காலத்திலும் தனிவட்டிதான் சேரும். தவணை தொடங்கும் நாளில் அந்த வட்டி முழுவதும் அசலோடு சேர்க்கப்படும். அதன்பிறகு அந்தத் தொகை முழுவதற்கும் வட்டி ஓடும். பலர் வாங்கிய தொகையை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கட்ட வேண்டிய தொகை அதைவிடப் பெரிது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் 4 லட்சம் வாங்கினீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, கடைசி லட்சத்துக்கு இரண்டு. ஆக, 1,40,000 ரூபாய் வட்டி சேர்ந்து, தவணை தொடங்கும் நாளில் 5,40,000 ரூபாய் நிற்கும். இதை 15 ஆண்டுகளில் கட்டினால் மாதத் தவணை சுமார் 5,800 ரூபாய். கேட்கச் சுலபமாக இருக்கிறது, ஆனால் கட்டி முடிக்கும்போது மொத்தம் 10 லட்சத்து 44 ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். பத்தாண்டு என்றால் தவணை சுமார் 7,140, மொத்தம் 8 லட்சத்து 56 ஆயிரம். ஐந்தாண்டு என்றால் தவணை சுமார் 11,470, மொத்தம் 6 லட்சத்து 88 ஆயிரம். ஒரே கடனுக்குள் மூன்றரை லட்சம் ரூபாய் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

ஐந்தாண்டுத் தவணை எல்லோருக்கும் கட்டுபடியாகாது. அதனால் நான் சொல்லும் வழி இது. தவணையை 15 ஆண்டுக்கே வைத்துக்கொள்ளுங்கள், கட்டாயச் சுமை குறைவாக இருக்கும். அதற்கு மேல் மாதம் 3,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுங்கள். மேலே சொன்ன கடன் சுமார் ஏழேகால் ஆண்டில் முடிந்துவிடும். வட்டியில் மட்டும் 2,85,000 ரூபாய் மிச்சம். நடுவில் வேலை போனாலோ அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றாலோ, அந்த 3,000 ரூபாயைச் சில மாதம் நிறுத்திக்கொள்ளலாம்.

கூடுதலாகக் கட்டினால் அபராதம் உண்டா என்று பயப்பட வேண்டாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் இத்தகைய கடன்களுக்கு முன்கூட்டிக் கட்டுவதற்காக வங்கிகள் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014இல் உத்தரவிட்டிருக்கிறது. பணம் கட்டும்போது, 'கூடுதல் தொகையை அசலில் வரவு வையுங்கள், தவணைத் தொகையைக் குறைக்காமல் கடன் காலத்தைக் குறையுங்கள்' என்று கைப்பட எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சில கிளைகளில் அதை அடுத்த மாதத் தவணையாக வரவு வைத்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் ஸ்டேட்மென்ட்டில் தேடுங்கள். 2009ஆம் ஆண்டிலிருந்து மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் ஒன்று நடைமுறையில் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, இந்தியாவில் தொழில்முறைப் படிப்போ தொழில்நுட்பப் படிப்போ படித்தவர்களுக்கு, அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, படிப்புக் கால வட்டியையும் சலுகைக் கால வட்டியையும் அரசே கட்டும். நம் கணக்கில் அது அந்த 1,40,000 ரூபாய். தகுதி இருந்தும் மானியம் வரவாகவில்லை என்றால் கிளையில் எழுத்தில் கேளுங்கள். வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கல்விக்கடன் வட்டி முழுவதற்கும் எட்டு ஆண்டுகள் வரை கழிவு உண்டு. புதிய முறையில் அது கிடையாது.

எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். பல வீடுகளில் கல்விக்கடன் தனியாக இருப்பதில்லை. விடுதிக் கட்டணத்துக்கு அம்மாவின் வளையல் அடகில் இருக்கும். கடைசி செமஸ்டருக்கு அப்பா மூன்று வட்டிக்கு வாங்கியிருப்பார். மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். கிரெடிட் கார்டில் பாக்கி நிற்க விட்டால் ஆண்டு வட்டி 40 சதவீதத்தையும் தாண்டும். கல்விக்கடனுக்கு 10 சதவீதம். ஆகவே கல்விக்கடன் தவணையைத் தவறாமல் கட்டிக்கொண்டே, கையில் மிஞ்சும் பணத்தை முதலில் வட்டிக்காரருக்கும் கார்டுக்கும் கடன் செயலிக்கும் கொடுங்கள். அடுத்து நகையை மீட்டெடுங்கள். அதன்பிறகு கல்விக்கடனில் முழுக் கவனத்தையும் வையுங்கள்.

மாதாமாதம் அந்த 3,000 ரூபாய் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு வருகிறேன். அதற்கு முதலில் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசிக் காலத்தைக் கழித்தவர் ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தியவர், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தவர். அதையெல்லாம் விட்டுவிட்டு காந்தியோடு சேர்ந்து, 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தின் செயலாளராக உழைத்தார். சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு நூல் எழுதினார். தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வளங்களை நம்பி நடக்கும் வாழ்க்கை நீடிக்கும், இருப்பைத் தின்று தீர்க்கும் வாழ்க்கை வன்முறையில் போய் முடியும் என்பது அவர் வாதத்தின் சாரம். காட்டையும் மண்ணையும் பற்றிச் சொன்ன அவர் அடிப்படையில் ஒரு கணக்காளர் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு வீட்டின் மாதச் சம்பளத்துக்கும் அவர் கணக்கு அப்படியே பொருந்தும். இந்த மாத வருமானத்தில் வாழ்பவர் நிலைக்கிறார். அடுத்த வருஷச் சம்பளத்தைத் தவணையில் இப்போதே தின்பவர் ஒவ்வொரு மாதமும் இன்னும் கொஞ்சம் கட்டுண்டு போகிறார்.

அப்படி வருமானத்துக்குள் வாழ்வதை நான் ஒரு வீட்டில் பார்த்தேன். என் தங்கை மகன் சென்னைத் துரைப்பாக்கத்தில் மூன்று நண்பர்களோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறான். நான்கு பேருமே கல்விக்கடன்காரர்கள். சமையலறைக் கதவில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். யார் என்ன வாங்கினாலும் அதில் எழுத வேண்டும், மாதக் கடைசியில் நான்கால் வகுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறுகிறது. வீடு காலி செய்த குடும்பத்திடமிருந்து பழைய விலைக்கு வாங்கிய கிரைண்டரில் மாலையில் அரைக்கிறார்கள். புதன்கிழமை வரை இட்லியும் தோசையும். மாவு புளித்துவிட்டால் வெங்காயம் தூவி ஊத்தப்பம். மிஞ்சும் சோற்றில் இரவே தண்ணீர் ஊற்றி வைக்கிறார்கள், காலையில் சின்ன வெங்காயத்தோடு அது ஒருவருக்குச் சாப்பாடு. ஊருக்குப் போகிறவன் திரும்பி வரும்போது அரிசியும் புளியும் மிளகாய்த்தூளும் கொண்டு வருகிறான். அந்த வீட்டில் சமையலறைக் குப்பை மிகக் குறைவு. உணவுச் செயலிகளின் பிளாஸ்டிக் டப்பாக்களை நான் அங்கே பார்க்கவில்லை. நான்கு பேரும் ஒருவருக்கொருவர் சமைத்துப் போட்டே நெருங்கியிருக்கிறார்கள். செயலியில் ஆளுக்கொரு பிரியாணி வரவழைத்து ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டிருந்தால் பணமும் போயிருக்கும், இந்த நெருக்கமும் வந்திருக்காது.

அடுத்தது போன். முதல் சம்பளம் வந்ததும் முதல் ஆசை அதில்தான் போகிறது. வட்டியில்லாத் தவணை என்று விளம்பரம் சொல்லும், மாதம் 2,500 அல்லது 3,000 ரூபாய் வரும். அது முடிவதற்குள் அடுத்த மாடல் வந்துவிடும். மேலே சொன்ன 3,000 ரூபாய் பலருக்கு இதுதான். பேட்டரி தளர்ந்தாலோ திரை உடைந்தாலோ சென்னை ரிச்சி தெருவிலும் உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக் கடையிலும் மாற்றித் தருவார்கள். ஒரு போனுக்குள் இருக்கும் கோபால்ட்டையும் லித்தியத்தையும் தாமிரத்தையும் எடுக்க எங்கோ ஒரு நாட்டில் மலையைக் குடைகிறார்கள். நல்ல போனை இரண்டு ஆண்டில் தூக்கிப்போடாமல் ஐந்து ஆண்டு வைத்துக்கொண்டால் அந்த மலைக்கும் நல்லது, உங்கள் கடனுக்கும் நல்லது.

வண்டியும் அப்படித்தான். பைக் வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன், சில வேலைகளுக்கு அது தேவை. ஆனால் சென்னையில் மாநகரப் பேருந்துக்கு மாதம் 1,000 ரூபாய் பயணச்சீட்டு இருக்கிறது, புறநகர் ரயிலுக்கு மிகக் குறைந்த விலையில் சீசன் டிக்கெட் இருக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குப் பயணம் இலவசம். பைக் என்றால் தவணை, பெட்ரோல், காப்பீடு, சர்வீஸ் என்று நான்கு செலவு. அலுவலகத்துக்குப் பக்கத்தில் சின்ன அறை எடுப்பதா, தூரத்தில் பெரிய அறை எடுத்து வண்டி வாங்குவதா என்று இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மின்சாரம் பற்றி ஒரு சின்னக் கணக்கு. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் அளவு இழுக்கும், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனில் மட்டும் மாதம் 16 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், உபயோகம் கூடக் கூடக் கட்டணப் படி ஏறும். நகரத்து வாடகை வீடுகளில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் தம் கணக்கில் வசூலிப்பதும் உண்டு, அங்கே ஒவ்வொரு யூனிட்டும் இன்னும் கனம். ஏ.சி. வாங்கத் தவணை போடுவதற்கு முன் ஃபேனை மாற்றிப் பாருங்கள்.

பொதுவில் இருப்பதைப் பயன்படுத்துங்கள் என்று சொன்னேன். இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ரேஷன் கடை, அரசுப் பேருந்து, உழவர் சந்தை, அரசு மருத்துவமனை, கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகம், ஊர் நூலகம், மாநகராட்சிப் பூங்கா எல்லாம் நம் வரிப்பணத்தில் நமக்காக உருவானவை. 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது அது உழவருக்காகவும் வந்தது, வாங்குகிறவருக்காகவும் வந்தது. சம்பளம் வாங்கியதும் இவற்றிலிருந்து விலகிப் போவதை முன்னேற்றம் என்று சிலர் நினைக்கிறார்கள். படித்தவர்கள் விலகினால் அந்த இடங்கள் கவனிப்பாரற்றுப் போகும், விலகியவர்கள் எல்லாவற்றுக்கும் தனியாகக் காசு கொடுப்பார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்க நூலகம், காய்கறிக்குச் சந்தை, போகவரப் பேருந்து என்று வாழும் இளைஞருக்கு அதே நகரத்தில் பாதிச் செலவு போதும்.

வீட்டுப் பக்கம் ஒரு பேச்சு. முதல் சம்பளம் வந்த பிள்ளையை நம்பிப் பல எதிர்பார்ப்புகள் எழும். அக்கா கல்யாணம், தங்கை மகளுக்குக் காதுகுத்து, மாமன் சீர், மொய், கோயில் வரி. அவற்றை எல்லாம் உதறச் சொல்ல எனக்கு மனமில்லை, உறவுகள்தான் உங்களைப் படிக்க வைத்தன. ஆனால் கடன் எவ்வளவு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஒரு விடுமுறையில் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் போய், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். 'இன்னும் இத்தனை ஆண்டு, மாதம் இவ்வளவு' என்று சொல்லுங்கள். எண் தெரிந்த அம்மா ஆடம்பரம் கேட்க மாட்டார். எண் தெரியாத அம்மா ஊரார் சொல்வதைக் கேட்டு உங்களிடம் கேட்பார்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். கல்விக்கடன் பாக்கி இருக்கிறது என்பதாலேயே தட்டிப்போன வரன்களை நான் அறிவேன். 'கல்யாணத்துக்குப் பிறகு யார் கட்டுவது' என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டதும், பெண்ணின் அப்பா வாயடைத்து நின்றதும் எனக்குத் தெரியும். படித்தவள் நீ, கட்டுகிறவளும் நீயாக இரு. சம்பளக் கணக்கு உன் பெயரில் இருக்கட்டும், ஏ.டி.எம். அட்டை உன் பையில் இருக்கட்டும். கடன் முடியும் தேதியையும் நீயே முடிவு செய். பொருளாதாரச் சுதந்திரம் ஆணுக்கு வசதி, பெண்ணுக்கு அது பாதுகாப்பு. பிடிக்காத வேலையிலிருந்தும் அடிக்கும் கணவனிடமிருந்தும் வெளியே வர ஒருத்திக்கு முதலில் தேவைப்படுவது கையில் சில மாதச் செலவுக்கான பணம்.

இதுவரை சொன்னதெல்லாம் சம்பளம் வருகிறவர்களுக்கு. மாதம் 12,000 ரூபாய்க்கு வேலை பார்க்கும் பொறியாளர்களும், வேலையே கிடைக்காமல் உணவு டெலிவரிக்குப் போகிறவர்களும் இதைப் படிப்பீர்கள். சிக்கனம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று உங்களிடம் சொல்வது கொடுமை. உங்களுக்கு வேறு சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

தவணை 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடனாக மாறும். அதற்கு முன்பே கிளைக்குப் போய் எழுத்தில் நிலைமையைச் சொல்லுங்கள். வேலையில்லாத காலத்துக்கு ஒரு முறைக்கு ஆறு மாதம் வரை தவணையைத் தள்ளிவைக்கவும், சம்பளம் உயர உயரத் தவணை உயரும்படி அமைக்கவும் வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. முடிவு வங்கியின் கையில் என்றாலும் கேட்பவருக்குத்தான் கிடைக்கும். குறைத்துக் கட்டி முடிக்கும் சமரசத் தீர்வுக்கு ஒத்துக்கொண்டால், சிபில் நிறுவனத்தின் கடன் வரலாற்று அறிக்கையில் 'முடிந்தது' என்று வராமல் 'சமரசம்' என்று நிற்கும், அடுத்து வீட்டுக்கடன் கேட்கும்போது அது குறுக்கே வரும். வேறு வழியில்லாதவர்கள் அதைத் தெரிந்தே செய்யுங்கள். தேர்தலுக்குத் தேர்தல் எழும் தள்ளுபடிப் பேச்சை நம்பித் தவணையை நிறுத்தியவர்கள் வட்டி ஏறி நின்றதைத்தான் கண்டார்கள்.

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. மிரட்டுவதும், உறவினர் முன்னும் அலுவலகத்திலும் அவமானப்படுத்துவதும் ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கு எதிரானவை. முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலும் பதில் சரியில்லை என்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தகவலுக்கு 14448 என்ற எண் இருக்கிறது. 2016இல் மதுரையில் ஓர் இளம் பொறியாளர் கல்விக்கடன் வசூல் நெருக்கடியில் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி வந்தபோது, கல்விக்கடன் மேசையில் இருந்த எங்களால் அன்று வேலை பார்க்க முடியவில்லை. எந்தக் கடனும் உங்கள் உயிருக்கு ஈடாகாது. மனம் தாங்காத இரவில் 104க்கோ 14416க்கோ அழையுங்கள், பேச ஆள் இருக்கிறார்கள்.

உங்கள் பெற்றோர் கூட்டுக் கடனாளிகள் என்பதால் இன்னொரு யோசனையும் சொல்கிறேன். உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் கடன் அவர்கள் தலையில் விழும். இருபத்து மூன்று வயதில் டெர்ம் இன்ஷூரன்ஸ் மிக மலிவு. கடன் தொகைக்காவது ஒன்று எடுத்து வையுங்கள்.

கடன் முடியும் நாளும் வரும். அன்று கடன் பாக்கியில்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். சிபில் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், அதில் கணக்கு முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை தவணைக்குப் போன தொகை மறு மாதத்திலிருந்து சேமிப்புக்குப் போகட்டும், செலவு ஏறக் கூடாது. முதலில் ஆறு மாதச் செலவுக்கான தொகை வங்கியில் தனியாக நிற்கட்டும். வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துவிடாமல் புதிய வேலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பொருளாதாரச் சுதந்திரத்துக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் அந்நாட்டுச் சந்தை வரலாற்றை வைத்துப் போட்ட கணக்கிலிருந்து, ஆண்டுச் செலவின் 25 மடங்கு என்ற வழக்கு வந்தது. நம் நாட்டு விலைவாசிக்கும் இளம் வயதுக்கும் அது போதாது, 30 மடங்குக்கு மேலாவது வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அந்தக் கணக்கில் நமக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மாதம் 40,000 ரூபாய் செலவழிப்பவருக்கு 30 மடங்கு என்றால் 1 கோடியே 44 லட்சம். மாதம் 15,000 ரூபாயில் நிறைவாக வாழ்பவருக்கு 54 லட்சம். செலவு குறைவாக இருந்தால் சேமிப்பு ஏறும், போய்ச் சேர வேண்டிய இடமும் அருகில் வரும். சம்பள உயர்வால் இந்த இரண்டும் ஒருசேர நடக்காது. அந்தத் தொகை சேர்ந்த பிறகுதான் சுதந்திரம் என்றும் இல்லை. கடன் இல்லாமல் ஆறு மாதச் செலவு கையில் உள்ளவர், மரியாதையில்லாத மேலாளரிடம் ராஜினாமா கொடுக்க முடியும். ஊருக்குத் திரும்பி நிலத்தைப் பார்க்க முடியும். இரண்டாண்டு அரசுத் தேர்வுக்குப் படிக்க முடியும். உங்கள் படிப்பு எதற்காகவோ, அதைச் செய்ய அப்போதுதான் கை ஒழியும்.

இந்த மாதமே மூன்று வேலைகளைச் செய்யுங்கள். ஸ்டேட்மென்ட்டை எடுத்து முழுவதும் படியுங்கள். தவணைக்கு மேல் 500 ரூபாயாவது அசலில் கட்டி, முத்திரை வாங்குங்கள். ஒரு தவணைப் பொருளை வாங்காமல் விடுங்கள், பழையதைப் பழுதுபாருங்கள்.

கடன் முடித்தவர்களிடம் இன்னும் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளிடம் போய், எந்தக் கல்லூரியில் என்ன கிடைத்தது, கடன் எவ்வளவு வந்தது, எப்படி அடைத்தீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள். கல்லூரிகள் தங்கள் மாணவர்களின் வேலையையும் சம்பளத்தையும் மறைக்காமல் வெளியிட வேண்டும், வங்கிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கு விவரத்தைத் தமிழில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று சேர்ந்து கேளுங்கள். உங்கள் தம்பி தங்கைகள் கண்ணைத் திறந்துகொண்டு கையெழுத்துப் போட அது உதவும்.

உங்கள் நலம் விரும்பும்,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்